கம்பெனி உதவி கேட்கப் போகும் முன்: மகளிர் குழுக்களுக்கும் சின்னத் தொழில்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

தாராவியில் முறுக்கு, இட்லிப் பொடி, அப்பளம், துணிப்பை என்று செய்கிற தமிழ்க் குழுக்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பதும், அவர்கள் கம்பெனிகளிடம் போகும்போது கூடப் போவதும் பல வருஷமாக என் வேலை. புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். முதல் நாளே உட்கார்ந்து கடிதம் எழுதுகிறார்கள். கீழே உள்ள வரிசையில் கடிதம் ஆறாவதாகத்தான் வருகிறது. முன்னால் உள்ள ஐந்தையும் முடிக்காமல் அனுப்பினால் "பார்க்கிறோம்" என்று ஒரு பதில் வரும், அதோடு சரி.

கையில் மூன்று நான்கு மாதம் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். குழுவில் ஓரளவு ஆங்கிலமோ இந்தியோ எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர், காகிதங்களுக்கு ஒரு ஃபைல், ஒரு நோட்டு, ஒரு தராசு. ஆரம்பிக்க இவ்வளவு போதும்.

1. பணமா, ஆர்டரா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஒரு பெரிய கம்பெனிக்குள் உங்களுக்குப் பயன்படக்கூடிய பைகள் இரண்டு. ஒன்று சிஎஸ்ஆர் பணம், அதாவது கம்பெனிகள் சமூகப் பணிக்காக ஒதுக்கும் பணம். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 135-ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகியவற்றில் ஏதாவது ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று வருஷ சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். இன்னொன்று அதே கம்பெனியின் கொள்முதல் பிரிவு, அதாவது தீபாவளி டப்பாவும் கேன்டீன் சாமானும் மாநாட்டுப் பையும் வாங்குகிற பிரிவு.

இரண்டுக்கும் ஆட்கள் வேறு, விதிகள் வேறு. தனி ஒருவர் லாபத்துக்கு நடத்தும் பட்டறைக்கு சிஎஸ்ஆர் பணம் நேராக வராது. "என் கடைக்கு மெஷின் வாங்கித் தாருங்கள்" என்று ஆறு மாதம் அலைந்த ஒரு தையல்காரரை எனக்குத் தெரியும். அவர் கேட்டிருக்க வேண்டியது அந்தக் கம்பெனியின் மாநாட்டுப் பைகளுக்கான ஆர்டரை. நீங்களும் அப்படித் தனித்தொழில் செய்கிறவர் என்றால் 2, 3 படிகளை முடித்துவிட்டு நேராக 9-க்குப் போங்கள்.

மகளிர் குழு, இங்கே பம்பாயில் எல்லோரும் பசத் கட் என்று சொல்கிறோமே, அது இரண்டையும் கேட்கலாம். ஆனால் ஆர்டரை மனத்தில் வைத்துக்கொண்டு பணத்தைக் கேளுங்கள். தொடர் திட்டம் என்று கம்பெனி எழுதிக்கொண்டால்கூட, தொடங்கிய வருஷம் போக மூன்று வருஷத்துக்கு மேல் அது நீள விதியில் இடமில்லை. அதற்கப்புறம் விற்பனை இல்லையென்றால் மெஷின் மட்டும்தான் மிச்சம். கிரைண்டரைப் பழைய சேலையால் மூடி, அதன் மேல் பித்தளை அண்டாக்களை அடுக்கி வைத்திருக்கும் வீடுகளைத் தாராவியில் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போது வயிற்றைப் பிசையும்.

2. பெயர்களை ஒன்றாக்குங்கள்

இது சலிப்பான வேலைதான், ஆனால் அதிக நாள் பிடிக்கும் வேலையும் இதுதான், அதனால்தான் முன்னால் வைத்திருக்கிறேன். நம் ஊர்ப் பெயர்முறைக்கும் மகாராஷ்டிரக் காகிதங்களுக்கும் ஒத்துப்போகாது. நமக்கு இனிஷியல், இங்கே பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம். லட்சுமி என்று ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் எடுத்த ஆதாரில் அவர் "ஜி. லட்சுமி", கல்யாணத்துக்கு அப்புறம் எடுத்த பான் கார்டில் "லட்சுமி முருகன்", பேங்க் பாஸ்புக்கில் மூன்றாவது கட்டத்தை நிரப்ப யாரோ சாதிப் பெயரையும் சேர்த்து எழுதியிருப்பார்கள். மூன்றும் ஒரே ஆள் என்று அவருக்குத் தெரியும், கம்பெனியின் சரிபார்ப்பு ஆளுக்குத் தெரியாது.

எல்லோருடையதையும் மாற்ற வேண்டாம். குழுவின் பேங்க் கணக்கில் கையெழுத்துப் போடும் இரண்டு மூன்று பேருடையதை மட்டும் ஆதாரில் உள்ளபடி சரிசெய்யுங்கள். முதலில் ஆதார், அப்புறம் பான், கடைசியில் பேங்க். இதைத் தலைகீழாகச் செய்து இரண்டு முறை மாற்றியவர்கள் உண்டு.

கூடவே தயாராக இருக்க வேண்டியவை: குழுப் பெயரில் பேங்க் கணக்கு, குழுவின் பான், தீர்மான நோட்டு, உத்யம் பதிவு (சின்னத் தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு), சாப்பாட்டுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க எண். உத்யம் பதிவு அரசுத் தளத்தில் முழுக்க இலவசம். அதே மாதிரி முகப்போடு காசு கேட்கும் போலித் தளங்கள் நிறைய இருக்கின்றன, கட்டணம் கேட்டால் உடனே மூடிவிடுங்கள். தீர்மான நோட்டில் தேதியும் வந்தவர்களின் கையெழுத்தும் வேண்டும். கம்பெனி வருகிறது என்று தெரிந்ததும் ஆறு மாதக் கூட்டத்தை ஒரே ராத்திரியில் ஒரே பேனாவால் எழுதினால், பார்க்கிறவருக்கு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

3. ஒரு மாதம் அடக்க விலைக் கணக்கு எழுதுங்கள்

இதைத் தாண்டிக் குதிக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. தாண்டாதீர்கள். கம்பெனி உங்களிடம் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு இந்த நோட்டில்தான் பதில் இருக்கிறது.

ஒரு முறுக்குக் குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். கிலோ 240 ரூபாய்க்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், நல்ல லாபம் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். "எண்ணெய் எவ்வளவு?" என்று கேட்டால், "பத்து கிலோவுக்கு ரெண்டு லிட்டர்" என்று பட்டென்று பதில். சரி, நிறுத்தே பார்ப்போம் என்று வாணலியில் ஊற்றும் முன்பும் வேலை முடிந்து ஆறிய பிறகும் எண்ணெயைத் தராசில் வைத்தோம். முறுக்கு குடித்தது ஒரு பங்கு. அடியில் கறுத்துப்போய் மறுபடி பயன்படுத்த முடியாமல் கொட்டியது இன்னொரு பங்கு, அதை யாரும் எண்ணவே இல்லை. அப்புறம் அரைவைக் கூலி, கேஸ், பாக்கெட், லேபிள், சயான் ஸ்டேஷன் வரைக்கும் ஆட்டோ, உடைந்துபோன முறுக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, நாலு பேர் அஞ்சு மணி நேரம் உட்கார்ந்து பிழிந்த கூலி. எல்லாம் கூட்டினால் அடக்கமே 262 ரூபாய் வந்தது. அன்றைக்கு அந்த அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

உங்கள் சொந்த உழைப்புக்குக் கூலி போடாமல் எழுதுவதுதான் இந்தப் படியில் நடக்கும் பெரிய தப்பு. "வீட்டு வேலைதானே, அதுக்கென்ன கணக்கு" என்பார்கள். ஆர்டர் பெரிதாகி வெளி ஆளை வைக்கும் நாளில் அந்தக் கூலி நிஜமான பணமாகக் கையை விட்டுப் போகும், அப்போது விலையை ஏற்ற முடியாது.

4. நடுவில் நிற்கும் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள்

கம்பெனிகள் வழக்கமாகக் குழுவின் கையில் நேராகப் பணம் கொடுப்பதில்லை. ஒரு டிரஸ்ட், சொசைட்டி அல்லது பிரிவு 8 கம்பெனி (லாப நோக்கமில்லாத கம்பெனி) வழியாகக் கொடுப்பார்கள். அந்த அமைப்புக்கு வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவு, மத்திய அரசிடம் சிஎஸ்ஆர்-1 படிவம் கொடுத்து வாங்கிய எண், இதே மாதிரி வேலையில் மூன்று வருஷ அனுபவம் ஆகியவை இருக்க வேண்டும். சிஎஸ்ஆர்-1 பதிவு 2021 ஏப்ரல் 1 முதல் கட்டாயம்.

"நாமே ஒரு டிரஸ்ட் ஆரம்பித்தால் என்ன?" என்று எல்லாக் குழுவும் கேட்கிறது. வேண்டாம் என்றுதான் சொல்வேன், குறைந்தபட்சம் முதல் தடவை வேண்டாம். மூன்று வருஷ அனுபவம் காட்ட வேண்டும், வருஷா வருஷம் ஆடிட், அறக்கட்டளை ஆணையர் அலுவலகத்துக்குக் கணக்கு. முறுக்குப் பிழியவே நேரம் இல்லாதவர்களுக்கு அது தாங்காது.

அமைப்பைப் பார்க்கப் போகும்போது மூன்று விஷயம் கேளுங்கள். சிஎஸ்ஆர்-1 எண்ணைக் காட்டுங்கள். இதற்கு முன் எந்தக் குழுவோடு வேலை செய்தீர்கள், அவர்களிடம் நாங்கள் பேசலாமா? மெஷின் யார் பெயரில் வரும்?

மூன்றாவது கேள்வியில் கொஞ்சம் நிற்கிறேன். 2021 ஜனவரியில் திருத்தப்பட்ட சிஎஸ்ஆர் விதிகளின்படி, திட்டத்தில் வாங்கும் சொத்தை கம்பெனி தன் பெயரில் வைத்துக்கொள்ள முடியாது. சிஎஸ்ஆர் பதிவுள்ள அறக்கட்டளை போன்ற அமைப்பின் பெயரிலோ அரசு அமைப்பின் பெயரிலோ இருக்கலாம், அல்லது பயன்பெறுகிறவர்களின் சுயஉதவிக் குழுவோ கூட்டமைப்போ அதன் சொந்தக்காரராக இருக்கலாம். அதாவது கிரைண்டர் உங்கள் குழுவின் பெயரிலேயே வருவதற்கு விதியில் இடம் இருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும். கேட்காமல் விட்ட ஒரு குழுவுக்கும் அவர்களைக் கூட்டிப்போன அமைப்புக்கும் மனஸ்தாபம் வந்தபோது, ஒரு காலையில் டெம்போ வந்து மாவு மெஷினை ஏற்றிக்கொண்டு போனது. பில் அமைப்பின் பெயரில் இருந்தது, யாராலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. குழுப் பெயரில் பில், இல்லையென்றால் இத்தனை மாதம் ஓடிய பிறகு குழுவுக்கு மாற்றித் தருகிறோம் என்று எழுத்தில் ஓர் ஒப்பந்தம். இது இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

5. எந்தக் கம்பெனி, எந்த மாதம்

பெயர் பெரிதாக இருக்கிறது என்று தேடாதீர்கள், கிட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனி தான் இயங்கும் இடத்துக்கும் அதைச் சுற்றியுள்ள பகுதிக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. மித்தி நதிக்கு இந்தப் பக்கம் தாராவி, அந்தப் பக்கம் பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸின் கண்ணாடிக் கட்டடங்கள். இதைவிடப் பக்கத்து வீடு எங்கே கிடைக்கும்?

அடுத்து, அந்தக் கம்பெனியின் இணையதளத்தில் சிஎஸ்ஆர் கொள்கை, கமிட்டியில் யார் யார், எந்தத் திட்டங்களுக்கு ஒப்புதல் தந்திருக்கிறார்கள் என்று போட்டிருப்பார்கள். போட வேண்டும் என்பது விதி. அரை மணி நேரம் அதைப் படியுங்கள். ஏழாம் அட்டவணை என்று சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது, அதற்குள் வரும் வேலைக்குத்தான் சிஎஸ்ஆர் பணம் செல்லும். வாழ்வாதார மேம்பாடு, தொழிற்பயிற்சி, பெண்கள் மேம்பாடு, குடிசைப் பகுதி மேம்பாடு எல்லாம் அதில் உண்டு, ஆனால் ஒவ்வொரு கம்பெனியும் அதில் இரண்டு மூன்றைத்தான் பிடித்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் செய்கிற கம்பெனியிடம் கிரைண்டர் கேட்டுப் பயனில்லை.

மாதமும் முக்கியம். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, வருஷத் திட்டத்தை அதையொட்டித்தான் முடிவு செய்வார்கள். அதனால் நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போய்ப் பேசுங்கள். மார்ச்சில் திடீரென்று போன் வந்து "மீதிப் பணம் இருக்கிறது, பத்து நாளில் பில் தர முடியுமா?" என்று கேட்பார்கள், ஏனென்றால் செலவழியாத பணத்தைச் சட்டப்படி வேறு கணக்குக்கோ அரசு நிதிக்கோ மாற்றியாக வேண்டும். வாங்க வேண்டியதற்கு கொட்டேஷன் ஏற்கெனவே கையில் இருந்தால் ஒத்துக்கொள்ளுங்கள். சாமான் வராமல் பில் மட்டும் கொடுக்கச் சொன்னால், எவ்வளவு நல்லவராக இருந்தாலும், முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

6. இப்போது கடிதம்

இரண்டு பக்கம் போதும். நாங்கள் யார், எத்தனை பேர், மாதம் எவ்வளவு செய்து எவ்வளவு விற்கிறோம், எந்த இடத்தில் முட்டுகிறது, அதற்கு எது வேண்டும், வந்தால் என்ன மாறும். எல்லாமே உங்கள் நோட்டிலிருந்து எடுத்த எண்கள். "பெண்கள் முன்னேற்றத்துக்கு உதவுங்கள்" என்ற வரியை எடுத்துவிட்டு, "மாவு அரைக்க வெளியே கொடுப்பதால் வாரத்துக்கு இவ்வளவு கூலியும் இரண்டு அரை நாளும் போகிறது, 10 லிட்டர் டில்டிங் கிரைண்டர் ஒன்று இருந்தால் அது மிச்சம்" என்று எழுதிப் பாருங்கள். படிக்கிறவர் தன் கமிட்டியில் இதை அப்படியே எடுத்துச் சொல்ல முடியும்.

மெஷின் விலையை மட்டும் கேட்பது இங்கே வழக்கமாக நடக்கும் தப்பு. கரண்ட் லோடு கூட்டுவது, ரிப்பேர், பயிற்சி தருகிறவரின் சம்பளம், முதல் மூன்று மாதச் சரக்கு வாங்கும் பணம் எல்லாவற்றையும் சேர்த்துப் போடுங்கள். "சம்பளத்துக்கெல்லாம் 5 சதவீதத்துக்கு மேல் தர முடியாது" என்று சிலர் சொல்வார்கள். விதியில் இருக்கும் அந்த 5 சதவீதம், கம்பெனி தன் சிஎஸ்ஆர் பிரிவை நடத்துவதற்கு ஆகும் பொது நிர்வாகச் செலவுக்கான வரம்பு. உங்கள் திட்டத்தில் நேராக வேலை செய்யும் பயிற்சியாளரின் கூலி அதில் சேராது. மரியாதையாக, விதியை எடுத்துக் காட்டிச் சொல்லுங்கள், பலர் கேட்டுக்கொள்வார்கள்.

தாராவிக்காரர்களுக்கு ஒன்று. தாராவியை இடித்துக் கட்டும் மறுசீரமைப்புத் திட்டத்தில் இடம் மாறினால் என்ன செய்வீர்கள் என்று நிச்சயம் கேட்பார்கள். சுவர், டைல்ஸ், மேடை என்று கேட்காமல், கழற்றி எடுத்துப் போகக்கூடிய சாமானாகக் கேட்டிருந்தால் பதில் சொல்வது சுலபம்.

7. பார்க்க வரும் நாள்

வேலை நடக்கும் நேரத்தில் வரச் சொல்லுங்கள். கோலம், மாலை, பொன்னாடை எல்லாம் வேண்டாம். அவர்கள் கண் முதலில் போகும் இடம் சிலிண்டர். வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிவப்பு சிலிண்டரில் தொழில் செய்தால் அது சட்டப்படி தப்பு, 19 கிலோ நீல சிலிண்டர் இருக்க வேண்டும். இரண்டாவது, பிள்ளைகள். ஸ்கூல் விட்டு வந்த பெண் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பாக்கெட் ஒட்டுவது நமக்கு இயல்பாகத் தெரியும், ஆனால் அந்த ஒரு போட்டோ போதும், திட்டம் நின்றுவிடும். வேலை செய்யும் அறையில் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள், அன்றைக்கு மட்டும் இல்லை, என்றைக்கும்.

தலைவி ஒருவரே எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லக்கூடாது. கணக்கு எழுதுகிறவர் கணக்கைச் சொல்லட்டும், வாணலி முன்னால் நிற்கிறவர் வேலையைச் சொல்லட்டும். தமிழில் சொன்னால் போதும், மொழிபெயர்க்க ஒருவர் இருந்தால் சரி.

8. பணம் வந்த பிறகு

பணம் ஒரே தடவையில் வராது, தவணையாக வரும். முதல் தவணைக்குக் கணக்குக் கொடுத்தால்தான் அடுத்தது. அதனால் இந்தப் பணத்துக்குத் தனி நோட்டு போடுங்கள், முடிந்தால் தனிக் கணக்கே வைத்துவிடுங்கள். மாவு வாங்க வைத்த பணத்தில் ஒருத்தியின் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கொடுத்து அடுத்த மாதம் திருப்பி வைப்பது குழுவுக்குள் மனிதத்தனம்தான், ஆனால் ஆடிட்டர் கண்ணில் அது முறைகேடு. அந்த மாதிரி அவசரத்துக்குக் குழுவின் சேமிப்புப் பணம் இருக்கிறது, அதிலிருந்து எடுங்கள்.

பில் இல்லாமல் செலவு செய்யாதீர்கள். வெப்பத்தில் எழுத்து மறையும் பில்களை அன்றே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள், மூன்று மாதத்தில் வெறும் வெள்ளைத் தாள் ஆகிவிடும்.

9. ஆர்டர் பக்கம்

இனிமேல்தான் நிஜமான வேலை. சிஎஸ்ஆர் ஆளிடமே கேளுங்கள்: "உங்கள் கொள்முதல் பிரிவில் யாரைப் பார்க்கலாம்?" அவர் ஒரு போன் செய்தால் போதும், நாமாகப் போய் வாசலில் நிற்பதற்குப் பதிலாக உள்ளே உட்கார்ந்து பேசலாம். வெண்டராகப் பதிவு செய்ய பான், பேங்க் விவரம், உத்யம் சான்றிதழ், ஜிஎஸ்டி இருந்தால் அது, இல்லையென்றால் ஏன் தேவையில்லை என்று ஒரு கடிதம் கேட்பார்கள்.

முதல் ஆர்டரைச் சின்னதாக வாங்குங்கள். தீபாவளிக்கு ஆயிரம் டப்பா என்று கேட்டதும் சந்தோஷத்தில் தலையாட்டி, கடைசி மூன்று ராத்திரி தூங்காமல் பிழிந்து, பாதி டப்பா பிசுபிசுத்துப்போய்த் திரும்பி வந்த கதை எனக்கு நேரில் தெரியும். அடுத்த வருஷம் அந்தக் கம்பெனி கூப்பிடவே இல்லை. உங்கள் நோட்டில் ஒரு நாளைக்கு எவ்வளவு செய்ய முடியும் என்று இருக்குமே, அதில் முக்கால் பங்குக்கு மேல் ஒத்துக்கொள்ளாதீர்கள். "இருநூறு டப்பா நிச்சயம் தருகிறோம், நல்லா இருந்தால் பொங்கலுக்குக் கூடுதலாகப் பேசுவோம்" என்று சொன்ன குழு இன்றைக்கும் அதே அலுவலகத்துக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

பணம் எப்போது வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். 2006-ஆம் ஆண்டின் சிறுதொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில் பணம் தர வேண்டும், ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்க முடியாது. சரக்கு போய்ச் சேர்ந்து 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால், ஏற்றுக்கொண்டதாகவே அர்த்தம். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2024 ஏப்ரல் முதல் வருமான வரியிலும் ஒரு பிடி இருக்கிறது: குறு, சிறு தொழில்களுக்கு இந்தக் கெடுவுக்குள் பணம் கொடுக்காத கம்பெனி, கொடுத்து முடிக்கும் வரை அதைச் செலவாகக் காட்ட முடியாது. இதெல்லாம் செய்து விற்கிறவர்களுக்கும் சேவை தருகிறவர்களுக்கும் தான், வாங்கி விற்கும் வியாபாரிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

அதற்காக முதல் தாமதத்திலேயே சட்டம் பேசாதீர்கள். இன்வாய்ஸிலேயே உத்யம் எண்ணை அச்சடித்து, "45 நாளுக்குள்" என்று ஒரு வரி போடுங்கள். டெலிவரி சலானில் வாங்கியவரின் கையெழுத்து, தேதி, ஸ்டாம்ப் மூன்றும் வேண்டும். செக்யூரிட்டி வாங்கி வைத்தார் என்ற பேச்சு எங்கேயும் செல்லாது. 30-வது நாள் ஒரு மெயில், 40-வது நாள் ஒரு போன். பெரும்பாலும் அக்கவுண்ட்ஸில் எங்கோ பில் மாட்டிக்கொண்டிருக்கும், பேசினால் வந்துவிடும். அப்படியும் வராமல் போனால், தாமதப் பணத்துக்கென்று மத்திய சிறுதொழில் அமைச்சகம் வைத்திருக்கும் இணையதளத்தில் புகார் கொடுக்கலாம், அதற்கும் கேட்கப்போவது அதே சலானும் இன்வாய்ஸும்தான்.

அந்த 45 நாளைக்கு மாவும் எண்ணெயும் வாங்கப் பணம் எங்கிருந்து வரும் என்பதை ஆர்டருக்குத் தலையாட்டும் முன் யோசியுங்கள். ஆறாவது படியில் முதல் மூன்று மாதச் சரக்குப் பணத்தையும் சேர்த்துக் கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.